கடலாயியின் வழக்கு

ஓரியூர் மணல் ஏன் சிவப்பு என்று கேட்டால் எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். திருவாடானைப் பக்கம், பாம்பாற்றங்கரையில், 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஜான் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கீசியத் துறவியின் தலை வெட்டப்பட்டது. தமிழில் அவர் பெயர் அருளானந்தர். அவர் ரத்தத்தில் சிவந்த மண் என்பது நம்பிக்கை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் அங்கே வருகிறார்கள். ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு போகிறார்கள். 1947இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது.

இந்தக் கதையில் ஒரு பெண் வருகிறாள். யார் சொன்னாலும் அவளுக்கு இரண்டு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. அவள் பெயர் கடலாயி. மறவர் சீமையின் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவரின் மனைவியருள் ஒருத்தி. கிழவன் சேதுபதிக்கு மருமகள் முறை. தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தபோது அருளானந்தரின் உபதேசியார் ஒருவர் வந்து வேதம் வாசித்துச் செபித்தார், நோய் தீர்ந்தது, தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. தேவர் சம்மதித்தார். 1693 ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்ட கடலாயி சேதுபதியிடம் போய் முறையிட்டாள். இரண்டே நாளில் அருளானந்தர் கைதானார். ஒரு மாதம் முடிவதற்குள் ஓரியூரில் கொலைக்களம்.

மறையுரைகளிலும் திருவிழா நாடகங்களிலும் நான் கேட்டு வளர்ந்த கடலாயி கோபக்காரி, பொறாமைக்காரி. விவிலியத்தில் திருமுழுக்கு யோவானின் தலையைக் கேட்ட ஏரோதியாளின் இடத்தில் அவளை நிறுத்தினார்கள். அந்த ஒப்புமை எளிதாகக் கிடைத்தது. அவரும் யோவான், இவரும் யோவான். அங்கேயும் ஒரு மண விவகாரம், இங்கேயும் ஒரு மண விவகாரம். ஆனால் ஏரோதியாள் தன் கணவனை விட்டு அவன் சகோதரனோடு வாழ்ந்தவள். கடலாயி யாரையும் விடவில்லை, அவள்தான் விடப்பட்டாள். இந்த வேற்றுமையைக் கவனித்துவிட்டால் அடுத்த கேள்வி தானாகவே எழுகிறது. ஒருவன் நல்லவனாக மாறும்போது அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? விலை கொடுப்பவர்களிடம் யாராவது கேட்டார்களா?

பிரிட்டோ 1647இல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. பதினைந்து வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் கோவாவுக்குக் கப்பலேறியபோது வயது இருபத்தாறு. மறு ஆண்டே மதுரை மிஷனுக்கு வந்துவிட்டார். அதன்பின் அவருடைய அன்றாடத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன். காவித் துணி, தலைப்பாகை, கையில் தடி. பண்டார சாமி என்று ஊர் ஏற்றுக்கொள்ளும் தோற்றம். மாமிசம், மீன், முட்டை, மது எதுவும் கிடையாது. சோறும் காய்கறியும் பாலும். படுக்கை தரையில். பகலெல்லாம் நடை, இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்பது, கடிதம் எழுதுவது. தெரியாத மொழியைப் பிழைபடப் பேசி, திருத்திக்கொண்டு, மறுபடி பேசுவது. 1686இல் மறவர் சீமைக்குள் வந்தபோது பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளானார்; இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். ஊருக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1690இல் திரும்பி வந்தார். இந்தத் துணிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஓரியூர்ச் சிறையிலிருந்து, சாவதற்கு முந்திய நாள், கரியால் கடிதம் எழுதிய மனிதர் அவர்.

ஆனால் துறவுக்கு ஒரு கணக்கு உண்டு. துறப்பவர் தன்னுடையது என்று நினைத்து விடுவதில் இன்னொருவருடையதும் கலந்திருக்கும். பிரிட்டோவின் தாய் பெயர் பெயாட்ரிஸ். கணவர் பிரேசிலில் அதிகாரியாக இருந்தபோது இறந்துவிட்டார். பிரிட்டோ அப்போது சின்னப் பிள்ளை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, ஓராண்டு இயேசு சபை அங்கி அணிவித்தவள் அந்தத் தாய்தான். அதே பிள்ளை பெரியவனாகி, சவேரியார் போன வழியில் நானும் போகிறேன் என்றபோது தடுக்கப் பெரிய இடங்கள் வரை போய் முயன்றாள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். முடியவில்லை. மகன் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது துக்க உடை உடுத்தாமல் திருவிழா உடையில் அரண்மனைக்கு வந்தாளாம். வேதசாட்சியின் தாய் அப்படித்தான் வர வேண்டும். அழுவதற்கும் அவளுக்கு அனுமதி இல்லாமல் போயிற்றே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லிஸ்பனில் ஒருத்தி, மறவர் சீமையில் ஒருத்தி; ஒரே மனிதரின் அழைத்தலால் வெறுமையான வீடுகள் இரண்டு. முதலாமவளுக்கு மரியாதை கிடைத்தது, இரண்டாமவளுக்குப் பழி கிடைத்தது. இருவரையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சேதுபதி சீமையில் திருமணம் என்பது என்ன என்று பார்த்தால் கடலாயியின் இழப்பு இன்னும் துலங்கும். கிழவன் சேதுபதியே கள்ளர் குலத்து ரகுநாதத் தொண்டைமானின் தங்கை காதலி நாச்சியாரை மணந்தவர். புதுக்கோட்டைச் சீமை தொண்டைமான் கைக்கு வந்ததற்கு அந்த உறவும் ஒரு காரணம். இரண்டு பாளையங்களுக்கு நடுவே ஓலையில் எழுதாத உடன்படிக்கையாக ஒரு பெண் இருந்தாள். அரசனின் மருமகள் ஒரு தலைவனின் வீட்டில் மனைவியாக இருப்பதும் அப்படித்தான். அவளைத் திருப்பி அனுப்புவதென்றால் உடன்படிக்கையைக் கிழிப்பது. தடியத்தேவருக்கு மறவர் சீமையின் ஆட்சியிலேயே உரிமை கோரும் தகுதி இருந்தது என்றும், சேதுபதியின் சினத்தில் அந்த அச்சமும் கலந்திருந்தது என்றும் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அது உண்மையானால் கடலாயியின் முறையீடு ஒரு சாக்குத்தான். அவள் நியாயம் கேட்டாள், அரசன் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டான். ஆனால் கதையில் பழி மட்டும் அவள் பெயரில் எழுதப்பட்டது.

கடலாயியை நான் வீராங்கனையாக்க வரவில்லை. அவள் முறையீட்டின் தொடர்ச்சியாக ஒரு மனிதர் கொல்லப்பட்டார். அந்தச் சீமையின் எளிய கிறிஸ்தவர்கள் துன்புற்றார்கள். அதை மறைத்துவிட்டுப் பெண்ணியம் பேச முடியாது. நான் சொல்வது ஒன்றுதான். அவளுக்கு ஒரு வழக்கு இருந்தது. அந்த வழக்கைக் கேட்க வேண்டியவர்களில் முதல் ஆள் அருளானந்தர். இரண்டாம் ஆள் தடியத்தேவர். அவர்கள் கேட்காததால்தான் அது சேதுபதியிடம் போனது. விலக்கப்பட்ட மற்றப் பெண்களுக்கு அரசன் மாமனாக இல்லை. அவர்கள் வழக்கு எங்கேயும் போகவில்லை. அவர்கள் பெயர்களும் நம்மிடம் வரவில்லை.

அவர்களுக்குச் சோறும் துணியும் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீராது. நேற்றுவரை மனைவி. இன்று காலை முதல் பாவத்தின் சாட்சி. அவள் உடம்பு மாறவில்லை, அவள் பெற்ற பிள்ளை மாறவில்லை, அவள் எந்தத் தவறும் புதிதாகச் செய்யவில்லை. வேறொருவரின் மனம் மாறியதால் அவளுடைய கடந்தகாலத்தின் பெயர் மாறிவிட்டது.

அப்படியானால் பலதார மணத்தை விட்டுவைக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதன் கடைசிப் பக்கம் எப்படி இருந்தது என்பது எங்கள் மண்ணுக்குத் தெரியும். 1710இல் கிழவன் சேதுபதி இறந்தபோது 47 மனைவியர் அவரோடு தீயில் இறங்கினார்கள் என்று இயேசு சபைக் கடிதங்கள் எழுதிவைத்திருக்கின்றன. அந்த ஏற்பாடு ஒழிய வேண்டியது. ஆனால் ஓர் ஏற்பாட்டை ஒழிப்பதும் அந்த ஏற்பாட்டுக்குள் அகப்பட்டவளை ஒழிப்பதும் ஒன்றல்ல. இடிந்து விழப்போகும் வீட்டை இடிக்கத்தான் வேண்டும். முதலில் உள்ளே இருப்பவர்களை வெளியே அழைத்து, அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று கேட்ட பிறகு இடிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலைத் திருச்சபைகள் அறியாமல் இல்லை. 1537இலேயே மூன்றாம் பவுல் பாப்பரசர் ஒரு விதி தந்தார். மனம் மாறியவனுக்குத் தான் முதலில் மணந்தவள் யார் என்று நினைவில்லை என்றால், மனைவியருள் ஒருத்தியைத் தேர்ந்துகொள்ளலாம். 1571இல் ஐந்தாம் பயஸ், கணவனோடு ஞானஸ்நானம் பெறுகிறவளை வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு விதிகளும் வைத்துக்கொள்ளப்படுபவளைப் பற்றியவை. விடப்படுகிறவளைப் பற்றி யோசிக்க நூற்றாண்டுகள் ஆயின. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1148ஆம் விதி, விலக்கப்படும் மனைவியரின் தேவைகள் நீதியின்படியும் அன்பின்படியும் நிறைவேற்றப்படுவதை ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஓரியூருக்குப் பிறகு 290 ஆண்டுகள்.

ஆங்கிலிக்கன் சபையில் இந்தக் குரல் முன்பே கேட்டது. நேட்டாலின் ஆயராக இருந்த கொலென்சோ, ஜூலு மக்களிடையே வேலை செய்தவர், மனைவியரை விலக்கினால்தான் ஞானஸ்நானம் என்பது அந்தப் பெண்களுக்கு அநீதி என்று 1855இலேயே எழுதினார். 1888ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு அதை ஏற்கவில்லை. பல மனைவியர் உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் இல்லை என்றது. நூறு ஆண்டு கழித்து, 1988 லாம்பெத் மாநாடு, உள்ளூர்ச் சபை சம்மதித்தால் அவனை மனைவியரோடும் பிள்ளைகளோடும் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. புதிதாக மணக்கக் கூடாது. ஆனால் இருப்பவர்களை விலக்கும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது, ஏனெனில் விலக்கப்படும் பெண்கள் சமூகத்தில் நிர்க்கதியாவார்கள். அந்த ‘ஏனெனில்’ எனக்கு முக்கியம். ஆணின் ஆன்மாவைப் பற்றிய தீர்மானத்துக்குள் பெண்ணின் வாழ்க்கை ஒரு காரணமாக முதன்முறை நுழைந்த இடம் அது.

மார்மன் சபையின் கதை இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. இன்று அந்தச் சபையின் இளைஞர்கள் பதினெட்டு வயதிலேயே வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக உலகின் எந்த மூலைக்கும் ஊழியத்துக்குப் போகிறார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். காலை எழுவதிலிருந்து இரவு விளக்கணைப்பதுவரை நேரம் வகுக்கப்பட்டிருக்கும். எப்போதும் இருவராகத்தான் போக வேண்டும், காதலுக்கு இடமில்லை. வீட்டோடு வாரம் ஒருமுறை பேசுவதற்கே 2019இல்தான் அனுமதி வந்தது. பிரிட்டோவின் நாட்களைப் போலவே மொழி தெரியாத ஊரில் நடையும் வேலியும் தனிமையும். ஆனால் இந்தப் பிள்ளைகளின் சபை ஒரு காலத்தில் பலதார மணத்தையே கடவுளின் கட்டளையாக வைத்திருந்தது. 1852இல் வெளிப்படையாக அறிவித்து, அரசின் நெருக்கடி தாங்காமல் 1890இல் கைவிட்டது. மனைவியரோடு சேர்ந்து வாழ்வதையே குற்றமாக்கிய சட்டம் 1882இல் வந்தது. ஆண்கள் சிறைக்குப் போனார்கள், கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேருமோ என்று பெண்கள் ஊர் ஊராக ஒளிந்து திரிந்தார்கள். யூட்டா பெண்களுக்கு 1870 முதல் ஓட்டுரிமை இருந்தது. பலதார மணத்திலிருந்து அவர்களை மீட்பதாகச் சொன்ன அமெரிக்க நாடாளுமன்றம் 1887இல் இயற்றிய சட்டத்தில் அந்த ஓட்டையும் பறித்தது. மீட்க வந்தவன் முதலில் எடுத்துக்கொண்டது மீட்கப்படுபவளின் வாயை. இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்திலும் ஒருத்தி இருந்தாள். என் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் தங்கை. நாங்கள் சின்னாச்சி என்போம். பாம்பன் பக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனவள். அவர் குடிகாரர். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு சாமியாரிடம் தீட்சை வாங்கினார். குடியை விட்டார், பொய்யை விட்டார், கடனையெல்லாம் அடைத்தார். கடைசியில் சின்னாச்சியையும் விட்டார். இரண்டாம் வீடு பாவம் என்று குரு சொல்லிவிட்டாராம். ஊர் அவரைக் கொண்டாடியது. மனுசன் எப்படி மாறிட்டான் பாரு என்று வியந்தது. சின்னாச்சி தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனாள். கழுத்தளவுத் தண்ணீரில் மூழ்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பிய்த்து, கையெல்லாம் கீறிக்கொண்டு இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். நான் கல்லூரியில் படித்த நாட்களில் ஒருமுறை அவளிடம், “அவர் மேல கோபமா ஆச்சி?” என்று கேட்டேன். “கோபம் என்னத்தா கோபம். அந்தாளு பாவத்தைக் கழுவுனாரு. கழுவுன தண்ணி எங்க போவும்? நம்ம வாசலுக்குத்தான வரும்” என்றாள்.

மதம்தான் இப்படிச் செய்கிறது, சட்டம் வேறு மாதிரி என்று நினைக்க எனக்கும் ஆசைதான். சென்னை மாகாணத்தில் 1949இலேயே இருதார மணத் தடைச் சட்டம் வந்தது. 1955இல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுக்க அதைச் செய்தது. வர வேண்டிய சட்டங்கள். ஆனால் அதன்பிறகும் ஆண்கள் இரண்டாம் மணம் செய்தார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த மணம் இல்லாததாயிற்று. அதனால் அவளும் இல்லாதவளானாள். 1988இல் யமுனாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், செல்லாத மணத்தின் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்றது. முதல் மணத்தை மறைத்து ஏமாற்றியவன் அதே சட்டத்தைக் காட்டித் தப்பக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது 2013இல், பாதுஷா வழக்கில். தவறு செய்தவன் தன் தவறையே கேடயமாகப் பிடிக்கிறான். அவனால் தவறுக்குள் இழுக்கப்பட்டவள் வெளியே நிற்கிறாள். தடியத்தேவர் வீட்டு வாசலுக்கும் குடும்ப நீதிமன்றத்தின் வாசலுக்கும் தூரம் அதிகமில்லை.

நான் பாடம் நடத்தும் இலக்கியத்திலும் இந்தப் பெண் இருக்கிறாள். கோவலன் கண்ணகியிடம் திரும்பியபோது நாம் நிம்மதி அடைகிறோம், அவன் திருந்திவிட்டான். மாதவி கைக்குழந்தையோடு நிற்கிறாள், பிறகு துறவு பூணுகிறாள். சீவகன் எட்டுப் பேரை மணந்து, ஒருநாள் நிலையாமையை உணர்ந்து துறக்கிறான், மனைவியரும் துறக்கிறார்கள். அவர்களும் தாமாகவே நிலையாமையை உணர்ந்தார்களா, போக வேறு இடம் இல்லையா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். காப்பியத்துக்கு வெளியே நின்று கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் சங்கத் தமிழில் வேறொரு மாதிரியும் உண்டு. வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியை விட்டு வேறொருத்தியிடம் போனபோது, கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவனைப் பாடினார்கள். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ள பாடல்கள். பொருள் வேண்டி வந்தவர்கள், அந்த வீட்டு வாசலில் அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தார்கள். அவளுக்கு நீ செய்வதே எங்களுக்குப் பரிசு என்றார்கள். பேகன் கெட்டவன் அல்ல. மயிலுக்குப் போர்வை கொடுத்தவன். நல்லவன் என்ற பெயர் உள்ளவனிடமும் வாசலில் நிற்பவளைப் பற்றிக் கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாடல்களின் அறம். அதிலும் ஒரு விடுபடல் உண்டு. பேகன் யாரிடம் போனானோ, அவளுக்காக ஒரு புலவரும் பாடவில்லை. நம் அறம் எப்போதும் ஒரு பெண்ணோடு நின்றுவிடுகிறது.

ஒருவர் திருந்த விரும்பினால் திருந்தட்டும். அது நம்பிக்கையால் வரட்டும், சட்டத்தால் வரட்டும், வெட்கத்தால் வரட்டும். ஆனால் திருந்துதலின் முதல் செலவு திருந்துகிறவருடையதாக இருக்க வேண்டும். தடியத்தேவர் தன் பாவத்துக்குத் தன் நிலத்தை, தன் பட்டத்தை, தன் அந்தஸ்தைக் கொடுத்திருக்கலாம். கொடுத்தது மனைவியரை. பெண்கள் அவருடைய உடைமை என்று வழக்கம் சொன்னது. உடைமையைத் துறப்பது போல அவர்களைத் துறந்தபோது புதிய மதமும் அதையே உறுதி செய்தது. பலதார மணத்தின் உண்மையான தீமை எண்ணிக்கையில் இல்லை. ஆண் கொள்ளவும் தள்ளவும் கூடிய பொருளாகப் பெண் இருக்கிறாள் என்பதில் இருக்கிறது. கொள்வதைத் தடுத்துத் தள்ளுவதைப் புண்ணியமாக்கினால் அந்தத் தீமை அப்படியே இருக்கும்.

அருளானந்தருக்குத் தமிழ் தெரியும். பாவசங்கீர்த்தனம் கேட்கப் பொறுமை இருந்தது. ஒரு மனிதனின் மனத்துக்குள் இருப்பதை இரவு முழுக்க உட்கார்ந்து கேட்ட அதே திண்ணையில், விலக்கப்படப் போகும் பெண்களையும் ஒவ்வொருவராக உட்காரவைத்து, ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டிருக்க முடியும். அதற்கு அவர் துறவு தடையாக இருந்திருக்கலாம். அந்தக் காலம் தடையாக இருந்திருக்கலாம். நமக்கு அந்தத் தடைகள் இல்லை. பெண்களுக்கு விடுதலை கொண்டுபோகும் யாராக இருந்தாலும், ஊழியராக, அதிகாரியாக, தொண்டு நிறுவனத்து ஆளாக, நம்மைப் போல எழுதுகிற பெண்ணாக இருந்தாலும், அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். பதில் நமக்குப் பிடிக்காததாக இருக்கலாம். ‘எனக்கு என் வீடுதான் வேண்டும்’ என்று அவள் சொல்லலாம். அப்போது நம் கொள்கைக்குக் கொஞ்சம் வலிக்கும். அவளுக்கு வலிப்பதைவிட அது குறைவுதான்.